அழைப்பு வராத இருவர்

பெர்லினிலிருந்து ஒரு திருட்டுக் காரில் கிளம்பும் இரண்டு பையன்கள். வயது 14. கையில் வரைபடம் இல்லை, செல்போன் இல்லை, லைசென்ஸ் எடுக்கும் வயதும் இல்லை. ஃபாத்திஹ் அகின் இயக்கிய ‘சிக்’, பதின்பருவத்தைப் பற்றி வந்த படங்களில் மனசுக்கு மிக நெருக்கமான ஒன்று.

கோடை விடுமுறை தொடங்கப்போகிறது. வகுப்பில் எல்லாப் பையன்களும் ஏங்கும் டட்யானாவுக்குப் பிறந்தநாள் வருகிறது. அழைப்பிதழ்கள் கைக்குக் கை போகின்றன. ஒவ்வொருவராக வாங்கிக்கொள்கிறார்கள். மைக் கிளிங்கன்பெர்க் காத்திருக்கிறான். அவளுக்குப் பரிசாகக் கொடுக்கப் பாடகி பியான்ஸேயின் முகத்தைப் பென்சிலால் பொறுமையாக வரைந்து வைத்திருக்கிறான். அழைப்பிதழ்கள் தீர்ந்துவிடுகின்றன. அவனுக்கு வரவில்லை. அதே வகுப்பில் அழைப்பு வராத இன்னொருவனும் இருக்கிறான். அண்மையில் சேர்ந்தவன், ரஷ்யாவிலிருந்து வந்தவன், சில காலைகளில் மது வாடையோடு வகுப்புக்குள் நுழைபவன். முழுப்பெயரைச் சொல்ல யாருக்கும் வாய் வராததால் எல்லாருக்கும் அவன் ‘சிக்’.

அடித்தார்கள், சட்டையைக் கிழித்தார்கள், கழிப்பறையில் பூட்டினார்கள் என்று பள்ளிக் கொடுமையைக் காட்டும் படங்கள் நிறைய உண்டு. ‘சிக்’ படத்தில் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. ஒரு கார்டு கொடுக்கப்படவில்லை, அவ்வளவுதான். பதின்பருவத்தில் விழும் காயங்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். யாரும் வெறுப்பதில்லை. யார் நினைவிலும் நாம் இல்லை. மைக் ஒருமுறை தன் தாயின் குடிப்பழக்கத்தைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் ஒரு கட்டுரை எழுதி வகுப்பில் வாசித்தான். அதிலிருந்து ‘சைக்கோ’ என்று கூப்பிட்டார்கள். பிறகு அந்தப் பட்டப்பெயரும் தேய்ந்து போயிற்று. கேலி செய்யும் அளவுக்குக்கூட அவன் யாருக்கும் முக்கியமில்லை. அதை அந்தப் பையனே சொல்லும்போது தொண்டை அடைக்கிறது.

விடுமுறை பிறந்ததும் அம்மா குடிநோய்ச் சிகிச்சைக்குப் போகிறாள். அதற்கு வீட்டில் வைத்திருக்கும் பெயர் அழகுப் பராமரிப்பு நிலையம். ரியல் எஸ்டேட்டில் கடன்பட்டு மூழ்கிக்கொண்டிருக்கும் அப்பா, கொஞ்சம் பணத்தை மேசையில் வைத்துவிட்டு, தன் இளம் உதவியாளரோடு ‘தொழில் பயணம்’ கிளம்புகிறார். நீச்சல் குளம் உள்ள பெரிய வீட்டில் மைக் தனியாக நிற்கிறான். வாசலில் வந்து நிற்கிறது ஒரு பழைய லாடா நிவா. ஓட்டுநர் இருக்கையில் சிக். காரைக் கடன் வாங்கியிருப்பதாகவும் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிடுவதாகவும் சொல்கிறான்.

முதல் நிறுத்தம் டட்யானாவின் வீடு. அழைப்பில்லாமலே போய் ஓவியத்தைக் கொடுத்துவிட்டு, அத்தனை பேரும் வாய்பிளந்து பார்க்க, காரைத் திருப்பிக்கொண்டு கிளம்புகிறார்கள். சிக்கின் தாத்தா வாலாகியாவில் இருக்கிறாராம். ருமேனியாவின் தென்பகுதி அது. ஜெர்மானியர்களின் பேச்சில் அந்தப் பெயருக்குக் கண்காணாத தேசம் என்றுதான் பொருள். அப்படி ஓர் ஊரே இல்லை என்கிறான் மைக். இருக்கிறது என்கிறான் சிக். தெற்கே போனால் வந்துவிடும் என்று முடிவாகிறது.

93 நிமிடப் படம். எல்லைக்கு அப்பால் அவர்கள் போவதே இல்லை. ஆனால் படம் முடியும்போது, யார் யாரை அழைக்கவில்லை என்ற கேள்வி மைக்குக்கு ஒரு பொருட்டாகவே இருப்பதில்லை. இந்த ஒரு மாற்றத்துக்காகத்தான் இந்தப் படத்தை இத்தனை நேசிக்கிறேன். ஒதுக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றிய கதைகள் வழக்கமாக எப்படி முடியும்? அவர்கள் ஒரு சாகசம் செய்வார்கள், பள்ளி கைதட்டும், ஒதுக்கியவர்கள் வந்து தோளில் கைபோடுவார்கள். அந்த முடிவில் ஒரு பொய் இருக்கிறது. ஏற்றுக்கொள்ளும் அதிகாரத்தை அது மறுபடியும் அதே கூட்டத்தின் கையில் கொடுத்துவிடுகிறது. ‘சிக்’ அதைச் செய்யவில்லை.

சாவின் பக்கத்தில் எழுதிய சிரிப்பு

படத்துக்கு மூலம் வோல்ஃப்காங் ஹெர்ன்டோர்ஃப் 2010இல் வெளியிட்ட அதே பெயருடைய நாவல். ஹெர்ன்டோர்ஃப் 1965இல் ஹாம்பர்க்கில் பிறந்தவர். நியூரம்பெர்க்கில் ஓவியம் படித்தார். ‘டைட்டானிக்’ என்ற நையாண்டிப் பத்திரிகைக்குப் படங்கள் வரைந்தார். பிறகு எழுத்துக்கு வந்தார். நாற்பதைக் கடந்தும் பெரிய வெற்றி எதையும் பார்க்காதவர். 2010இன் தொடக்கத்தில் அவருக்கு மூளையில் கட்டி இருப்பது தெரியவந்தது. கிளியோபிளாஸ்டோமா, மருத்துவத்தால் தள்ளிப்போட முடிந்தாலும் குணப்படுத்த முடியாத வகை.

இளைஞர்களுக்கான ஒரு நாவலின் பகுதிகள் பல வருடமாக அவரிடம் கிடப்பில் இருந்தன. எஞ்சிய காலம் எவ்வளவு என்று தெரியாத நிலையில் அதைத்தான் கையில் எடுத்தார். சில மாதங்களில் முடித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் புத்தகம் வந்தது. அடுத்த ஆண்டு ஜெர்மன் இளையோர் இலக்கிய விருது அதற்குக் கிடைத்தது. ஜெர்மனியில் மட்டும் 20 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. ராபர்ட் கோல் அதை நாடகமாக்க, ட்ரெஸ்டன் நகரில் 2011இல் முதலில் மேடையேறி, நாடெங்கும் அரங்குகளை நிறைத்தது. ஜெர்மன் பள்ளிகளில் இன்று பாடமாகவும் வைக்கப்படுகிறது.

நோயோடு வாழ்ந்த நாட்களை அவர் ‘வேலையும் ஒழுங்கும்’ என்ற பொருள்படும் தலைப்பில் நாட்குறிப்பாக எழுதிவந்தார். பயத்துக்கு எதிராக அவர் கண்டுபிடித்த இரண்டு ஆயுதங்கள் அவை. 2011இல் ‘மணல்’ என்ற நாவல் வந்தது. அடுத்த ஆண்டு லைப்ஸிக் புத்தகக் காட்சியின் பரிசு அதற்குக் கிடைத்தது. 2013 ஆகஸ்ட் 26 அன்று, நோய் தன்னை முழுதாக எடுத்துக்கொள்ளும் முன், தன் முடிவைத் தானே தேடிக்கொண்டார். வயது 48. படமாவதை அவர் பார்க்கவில்லை.

இந்தப் பின்னணி தெரிந்து நாவலைத் திறப்பவர்கள் இருட்டை எதிர்பார்ப்பார்கள். பக்கத்துக்குப் பக்கம் சிரிப்புதான் வருகிறது. ஆனால் அந்தச் சிரிப்புக்குள் ஓர் அவசரம் இருக்கிறது. வானம், வயல், மழை, குளிர்ந்த தண்ணீர் எல்லாம் முதல்முறை பார்ப்பது போலவும் இன்னொரு முறை பார்க்க முடியாதது போலவும் எழுதப்பட்டிருக்கின்றன. 14 வயதுப் பையனும் சாவை எதிர்நோக்கியவரும் உலகத்தைப் பார்க்கும் பார்வை இவ்வளவு ஒத்துப்போகும் என்று இந்த நாவலைப் படிக்கும் முன் நினைத்ததில்லை.

எப்படி இந்தக் கதையைக் கண்டடைந்தார் என்று ஹெர்ன்டோர்ஃப் ஒரு பேட்டியில் விளக்கியிருக்கிறார். சிறுவயதில் தனக்குப் பிடித்த புத்தகங்களை மறுபடி எடுத்து வாசித்தாராம். மார்க் ட்வெய்னின் ஹக்கிள்பெரி ஃபின், வில்லியம் கோல்டிங்கின் ‘லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்’ முதலியவை. அவற்றுக்கெல்லாம் பொதுவாக மூன்று அம்சங்கள் தென்பட்டன. பெரியவர்கள் கதையிலிருந்து சீக்கிரம் காணாமல் போகிறார்கள். பெரிய பயணம் ஒன்று நடக்கிறது. பெரிய நீர்ப்பரப்பு ஒன்று இருக்கிறது. நதியோ கடலோ இல்லாமல், இன்றைய ஜெர்மனியில், இரண்டு சாதாரணப் பையன்களை வைத்து அதை எப்படிச் செய்வது என்று யோசித்தார். ஹக்கின் மரத்தெப்பம் இருந்த இடத்தில் ஒரு கார் வந்து உட்கார்ந்தது. மிசிசிப்பி இருந்த இடத்தில் கிழக்கு ஜெர்மனியின் சோள வயல்கள்.

வழிதவற இடமில்லாத தேசம்

சாலைப்படம் என்றதும் மனதில் வருவது அமெரிக்கா. எல்லையில்லாத நெடுஞ்சாலை, பாலைவனம், தூரத்தில் ஒரு பெட்ரோல் பங்க். ஜெர்மனி அப்படியில்லை. சில மணி நேரம் ஓட்டினால் எல்லை வந்துவிடும். ஒவ்வொரு திருப்பத்திலும் பெயர்ப்பலகை. விம் வெண்டர்ஸ் 1970களிலேயே ‘நகரங்களில் ஆலிஸ்’, ‘காலப்போக்கில்’ என்று ஜெர்மன் சாலைகளைக் கொண்டு அருமையான படங்கள் எடுத்தார். ஆனால் அவர் மனிதர்கள் வளர்ந்தவர்கள், சட்டப்படி ஓட்டுபவர்கள். இவ்வளவு ஒழுங்கான நாட்டில் இரண்டு பொடியன்கள் தொலைந்துபோக வேண்டுமென்றால் என்ன செய்வது?

ஹெர்ன்டோர்ஃப் ஒவ்வொரு கதவாக மூடுகிறார். கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் செல்போன் கிடையாது. பிடிபடுவார்கள் என்பதால் நெடுஞ்சாலையில் ஏறுவதில்லை. வரைபடமும் இல்லை. சூரியனைப் பார்த்து ஓட்டுகிறார்கள். சாப்பாட்டுக்கு உறைந்த பீட்சாக்களை எடுத்து வந்திருக்கிறார்கள், சுடுவதற்கு அடுப்பில்லை. பெட்ரோல் தீர்ந்தால் பங்குக்குள் நுழைய முடியாது, மீசை முளைக்காத ஓட்டுநரை யாரும் சும்மா விடமாட்டார்கள். நாவலில் இதற்காகவே சிக் மேலுதட்டில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டிப் பார்க்கிறான்.

காரின் தேர்வையும் சொல்ல வேண்டும். லாடா நிவா, சோவியத் ஒன்றியத்தின் தோலியாட்டி தொழிற்சாலையில் 1977இல் உற்பத்திக்கு வந்த வண்டி. கரடுமுரடான பாதைக்கென்றே செய்தது, நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை போகும். வயலுக்குள் விட்டாலும் ஏறி வரும். இன்றைய கார்களைப் போல மின்னணுப் பூட்டு கிடையாது. ஒயர்களைச் சேர்த்தால் கிளம்பிவிடும். பெர்லினில் மைக் வாழும் மார்ட்சானில் பலகைக் கட்டிடங்களை அடுக்கடுக்காக எழுப்பும் பணி தொடங்கியதும் அதே 1977இல்தான். அங்கே பெரிய கான்கிரீட் பலகைகளை ஆலையில் வார்த்து, கொண்டுவந்து பொருத்துவார்கள். கிழக்கு ஜெர்மனி அரசு கட்டிய மிகப்பெரிய குடியிருப்பு அது. நாடுகள் ஒன்றான பிறகு, ரஷ்யாவிலிருந்தும் கஜகஸ்தானிலிருந்தும் வந்த ஜெர்மன் வம்சாவளியினர் பலர் அங்கே குடியேறினார்கள். சிக் வாழ்வது அந்த அடுக்குமாடிகளில். மைக்கின் வில்லா அதே வட்டாரத்தில், ஆனால் வேறோர் உலகத்தில்.

அந்த வம்சாவளியினரின் கதை நெடியது. 18ஆம் நூற்றாண்டில் பேரரசி கேத்தரின் அழைத்ததால் வோல்கா நதிக்கரைக்குப் போன ஜெர்மன் குடியானவர்களின் சந்ததி. 1941இல் ஸ்டாலின் அவர்களைச் சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் பெயர்த்து அனுப்பினார். சோவியத் ஒன்றியம் சிதறியபின் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஜெர்மனிக்குத் திரும்பினார்கள். ரஷ்யாவில் அவர்களை ஜெர்மானியர் என்றார்கள், ஜெர்மனியில் ரஷ்யர் என்றார்கள். சிக் தன் வேர்களைப் பற்றிக் கேட்டால் ஒவ்வொரு சமயம் ஒவ்வொரு கதை சொல்வதற்குப் பின்னால் இவ்வளவு வரலாறு கிடக்கிறது.

இன்னொன்று. ஜெர்மனியில் தொடக்கப்பள்ளி முடிந்ததுமே மதிப்பெண்ணைப் பார்த்துப் பிள்ளைகளைத் தரம்தரமாகப் பிரித்து வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்கு அனுப்புவார்கள். மேல்தட்டில் இருப்பது பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் கிம்னாஸியம். சிக் நான்கே வருடங்களுக்கு முன் நாட்டுக்கு வந்தவன். மொழி தெரியாதவர்களையும் கற்றல் சிரமம் உள்ளவர்களையும் போடும் சிறப்புப் பள்ளியில் தொடங்கி, ஒவ்வொரு படியாக ஏறி, கிம்னாஸியத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறான். நாவல் இதை ஆசிரியரின் வாயால் போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. அந்த வகுப்பறையிலேயே மூளையும் உறுதியும் அதிகம் உள்ளவன் அவன்தான். எல்லாரும் பார்த்தது அவன் முடிவெட்டையும் கையில் இருந்த பிளாஸ்டிக் பையையும்.

அகின் கைக்கு வந்த கதை

படத்தை இயக்க முதலில் ஒப்பந்தமாகியிருந்தவர் டேவிட் வ்னெண்ட். படப்பிடிப்புக்குச் சில வாரங்களே இருந்த நிலையில் அவர் விலக, ஃபாத்திஹ் அகின் வந்தார். துருக்கியப் பெற்றோருக்கு ஹாம்பர்க்கில் 1973இல் பிறந்தவர். 2004இல் ‘சுவருக்கு எதிரே’ படத்துக்காக பெர்லின் விழாவின் தங்கக் கரடியை வென்றவர். ஆர்மீனிய இனப்படுகொலையைப் பற்றி 2014இல் பெரும் பொருட்செலவில் எடுத்த ‘தி கட்’ எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை. அந்தச் சுமைக்குப் பின் இப்படியொரு லேசான, வெயில் அடிக்கும் படத்தை அவர் எடுத்திருக்கிறார் என்பது திரையில் தெரிகிறது. காட்சிகள் மூச்சு விடுகின்றன. ஹாம்பர்க்கிலிருந்து இஸ்தான்புல் வரை போகும் ‘ஜூலையில்’ என்ற சாலைப்படத்தை அவர் 2000இலேயே எடுத்திருந்தார். சாலை அவருக்குப் புதிதல்ல. வெளியாளாக வளர்வதும் அவருக்குப் புதிதல்ல.

திரைக்கதையை எழுதியவர் ஹெர்ன்டோர்ஃபின் நண்பர் லார்ஸ் ஹூப்ரிஷ். அகினும் மூத்த இயக்குநர் ஹார்க் போமும் அதில் பங்கெடுத்தார்கள். ஹார்க் போம் 1976இல் ‘வடகடல் கொலைக்கடல்’ என்றொரு படம் எடுத்தார். ஹாம்பர்க்கின் ஏழைக் குடியிருப்பில் எதிரிகளாக இருந்து நண்பர்களாகும் இரண்டு பையன்கள், ஒருவன் ஜெர்மானியன், மற்றவன் ஆசிய முகம் கொண்டவன், ஒரு படகைத் திருடிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்புகிறார்கள். ‘சிக்’ கதைக்கு நாற்பது வருடம் மூத்த அண்ணன் என்றே சொல்லலாம். அதில் வீட்டை விட்டு ஓடும் பையனாக நடித்த ஊவே, ஹார்க் போமின் வளர்ப்பு மகனானார். ஊவே போம் என்ற பெயரில் பெரிய நடிகராக வளர்ந்தார். ‘சிக்’ படத்தில் மைக்கின் அப்பாவாக வருபவர் அவர்தான். மகனைத் தனியே விட்டுவிட்டுப் போகும் அப்பா. அந்த முகத்தைத் திரையில் பார்க்கும்போது, படகில் ஓடிய அந்தச் சிறுவன் எந்த இடத்தில் இப்படி ஆனான் என்ற கேள்வி தானாக எழுகிறது. அகின் இதை வேண்டுமென்றேதான் செய்திருக்க வேண்டும்.

மைக்காக ட்ரிஸ்டன் கோபெல். சிறுவயதிலிருந்தே நடித்துவருபவர், முகத்தை வெறுமையாக வைத்துக்கொண்டே கண்ணால் பேசத் தெரிந்தவர். சிக்காக ஆனந்த் பட்பிலெக். ஆனந்த் என்ற பெயரைப் பார்த்ததும் நம்மூர்க்காரரோ என்று தோன்றும். அவர் மங்கோலிய வம்சாவளி. பௌத்தத்தோடு சேர்ந்து இந்தியப் பெயர்கள் பல அந்தப் புல்வெளி தேசம் வரை போயிருக்கின்றன. அவருடைய அலட்சியமான உட்காரும் தோரணையும், சொல்லிவிட்டுச் சட்டென்று தரும் சிரிப்பும் இல்லையென்றால் இந்தப் படமே இல்லை. இருவரும் கதாபாத்திரங்களின் வயதை ஒட்டியவர்கள் என்பது பெரிய பலம். இருபது வயதுக்காரர்களைப் பள்ளிச்சீருடையில் பார்த்துப் பழகிய கண்களுக்கு, ஸ்டீயரிங்குக்கு மேலே தலை எட்டிப்பார்க்கும் இந்தப் பிள்ளைகள் உண்மையாகவே ஆபத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது.

காரில் இருக்கும் ஒரே கேசட் ரிச்சர்ட் கிளேடர்மேன் உடையது. 1970களின் இறுதியில் ‘பல்லாட் பூர் அட்லீன்’ என்ற பியானோ இசையால் உலகப்புகழ் பெற்ற பிரெஞ்சுக்காரர். ஹோட்டல் வரவேற்பறைகளுக்கென்றே பிறந்ததுபோன்ற இனிப்பான இசை. 14 வயதுப் பையன்கள் வாய்விட்டுச் சொல்லக் கூசும் ரசனை. ஆனால் வேறு கேசட் இல்லை. ஓடும் காரில், சோள வயலுக்கு நடுவே, சன்னல்கள் திறந்திருக்க அந்தப் பியானோ ஒலிக்கும்போது அதன் இனிப்பு உறுத்துவதில்லை. இது நாகரிகம், இது நாகரிகமில்லை என்று தீர்ப்பு சொல்லும் கூட்டம் பக்கத்தில் இல்லாததால், பிடித்ததைப் பிடித்திருக்கிறது என்று இருவராலும் கேட்க முடிகிறது.

வழியில் கிடைத்தவர்கள்

மைக்கின் அப்பா அவனுக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்று: உலகம் கெட்டது, மனிதர்கள் மோசம், யாரையும் நம்பாதே. தொலைக்காட்சியும் செய்தித்தாளும் பள்ளியும் அதையே சொல்கின்றன. பயணம் முழுக்க இந்தப் பாடம் ஒவ்வொன்றாகப் பொய்த்துப்போகிறது. நாவலின் பிற்பகுதியில் மைக் இதை நேராகவே யோசிக்கிறான். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் மோசம் என்பது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் தானும் சிக்கும் கிட்டத்தட்ட அந்த மீதி ஒருவரை மட்டுமே சந்தித்தது எப்படி என்று வியக்கிறான். இந்தப் படைப்பின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

ஒரு கிராமத்தில் நிறையப் பிள்ளைகளோடு வாழும் ஒரு தாய், முன்பின் தெரியாத இருவரையும் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு உட்காரவைக்கிறாள். சாப்பாட்டுக்குப் பின் இனிப்பு, அதற்கு முன் பொது அறிவுக் கேள்விகள். சரியான பதில் சொல்பவருக்குப் பெரிய கிண்ணம். வீட்டுப் பிள்ளைகள் எதைக் கேட்டாலும் சொல்கிறார்கள். கிம்னாஸியத்து மாணவர்கள் முழிக்கிறார்கள். வசதியில்லாத வீடு, ஆனால் அந்த மேசையில் இருக்கும் கலகலப்பு மைக்கின் வில்லாவில் ஒருநாளும் இருந்ததில்லை. பிறந்தநாளுக்கு அழைக்கப்படாதவன் வழிப்போக்கனாக விருந்துக்கு அழைக்கப்படுகிறான். படம் இதைச் சுட்டிக்காட்டி அழுத்தம் கொடுப்பதில்லை, நாமே கண்டுகொள்கிறோம்.

படத்தில் இல்லாவிட்டால் என்ன, நாவலில் வரும் ஒரு காட்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சிக்குக்குக் காலில் அடிபட்டு நள்ளிரவில் மருத்துவமனையில் இருக்கிறார்கள். உறவினர் யாரையாவது கூப்பிடச் சொல்கிறார்கள். யாரைக் கூப்பிடுவது? மைக் ஏதோ ஓர் எண்ணைச் சுழற்றி, மறுமுனையில் தூக்கக் கலக்கத்தோடு எடுத்தவரிடம், அத்தையிடம் பேசுவதுபோலப் பேசத் தொடங்குகிறான். அந்த மனிதர் போனை வைத்திருக்கலாம், திட்டியிருக்கலாம். மாறாக, எங்கோ ஒரு பையன் சிக்கலில் இருக்கிறான் என்பதை மெல்லப் புரிந்துகொள்கிறார், உதவி வேண்டுமா என்று கேட்கிறார், கூட்டிப்போக வரட்டுமா என்கிறார். முகம் தெரியாதவர். கதையில் மறுபடி வருவதில்லை. ஒரு பையனுக்கு உலகத்தின் மேல் நம்பிக்கை வர இரண்டு நிமிடத் தொலைபேசி உரையாடல் போதுமாக இருக்கிறது.

பிறகு ஈசா. பெட்ரோலை வேறொரு வண்டியிலிருந்து உறிஞ்சி எடுக்க ஒரு குழாய் தேவைப்படுகிறது. அதைத் தேடிக் குப்பைமேட்டுக்குப் போகிறார்கள். அங்கே வசைமழையோடு வருகிறாள் அழுக்குப் பிடித்த ஒரு பெண். குழாயைக் கண்டுபிடித்துக் கொடுப்பவள் அவளே. எப்படி உறிஞ்சுவது என்று தெரியாமல் பையன்கள் தடுமாற, வாய்வைத்து இழுத்து, குழாயின் முனையைத் தொட்டிக்குக் கீழே தாழ்த்தினால் மீதி தானாக வழிந்து வரும் என்று செய்துகாட்டுபவளும் அவளே. எங்கிருந்து வந்தாள், எதிலிருந்து தப்பினாள் என்று படம் விளக்குவதில்லை. பிராகில் இருக்கும் உறவைத் தேடிப் போகிறாள் என்பது மட்டும் தெரியும்.

மெர்சிடிஸ் முல்லர் நடித்த ஈசாவுக்குப் படத்தில் இன்னும் இடம் கொடுத்திருக்கலாம். நாவலில் அவள் வந்ததும் கதையின் காற்றழுத்தமே மாறும். படத்தில் அவள் வருவதும் போவதும் கொஞ்சம் அவசரம். ஆனாலும் மைக்கிடம் தன் தலைமுடியை வெட்டிவிடச் சொல்லும் காட்சி நிற்கிறது. டட்யானாவை மாதக்கணக்கில் தூரத்திலிருந்து வரைந்துகொண்டிருந்தவன் முதன்முறையாக ஒரு பெண்ணின் பக்கத்தில் நிற்கிறான். அவன் கையில் கத்தரிக்கோல், மனசுக்குள் பயம். தன்னை ஒருத்தி உண்மையாகவே பார்க்கிறாள் என்று அவன் உணரும் அந்த நொடியைக் கோபெல் ஒரு வார்த்தையும் இல்லாமல் காட்டிவிடுகிறார்.

மூவரும் ஒரு மலையுச்சியில் தங்கள் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்துவிட்டு, ஐம்பது வருடம் கழித்து அதே நாளில் அங்கே சந்திப்பது என்று முடிவெடுக்கிறார்கள். இதை எழுதியவருக்கு ஐம்பது வாரம்கூட உறுதியில்லாத நேரம் அது.

சிக்கின் கால் பயன்படாமல் போனபின் மைக் ஸ்டீயரிங்கைப் பிடிக்கவேண்டி வருகிறது. பயணம் முழுக்க ஓட்டமாட்டேன், தெரியாது, பயம் என்று ஒதுங்கியவன். தான் ஒரு சலிப்பூட்டும் ஆள், கோழை என்று அவன் தன்னைப் பற்றி நம்பிவந்ததைச் சிக்கிடம் சொல்கிறான். நீயா சலிப்பூட்டுபவன் என்று சிக் ஆச்சரியப்படுகிறான். பெண்கள்மேல் தனக்கு ஈர்ப்பில்லை என்ற தன் ரகசியத்தையும் அப்போதுதான் சொல்கிறான். தமிழ்ப் படங்களில் இப்படியொரு வாக்குமூலத்துக்குப் பின்னணி இசை ஏறும், முகங்கள் அதிரும். இங்கே மைக் கேட்டுக்கொள்கிறான், கொஞ்சம் யோசிக்கிறான், கியரைப் போடுகிறான். நட்பு மாறவில்லை. அந்த எளிமைதான் அந்தக் காட்சியை இத்தனை உயரத்துக்குக் கொண்டுபோகிறது.

பன்றி லாரியும் நீதிமன்றமும்

‘ஈஸி ரைடர்’ (1969) துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. ‘தெல்மா அண்ட் லூயிஸ்’ (1991) பள்ளத்தாக்கில் பாய்ந்தது. சாலைப்படங்களுக்கு மரணத்தின்மேல் ஒரு மோகம் உண்டு. சுதந்திரத்துக்குத் திரும்பும் வழி தெரியாததால் சாவைக் கொண்டு முற்றுப்புள்ளி வைப்பார்கள். ‘சிக்’ பன்றிகள் ஏற்றிய லாரியோடு நெடுஞ்சாலையில் நடக்கும் விபத்தைப் படத்தின் தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறது. எங்கே போய் முடியும் என்ற பதற்றத்தைக் கையோடு தீர்த்துவிட்டுத்தான் கதைக்குள் போகிறது. பையன்கள் பிழைக்கிறார்கள். பிழைத்ததற்குப் பின் என்ன என்பதில்தான் இந்தக் கதைக்கு அக்கறை.

ஜெர்மன் சட்டப்படி 14 வயது நிரம்பாதவர்மேல் குற்ற வழக்கு கிடையாது. 14 ஆகிவிட்டால் இளையோர் நீதிமன்றம் விசாரிக்கும். மைக்கும் சிக்கும் அந்தக் கோட்டை அப்போதுதான் தாண்டியிருக்கிறார்கள். ஹெர்ன்டோர்ஃப் அந்த வயதைத் தற்செயலாகத் தேர்ந்திருக்க முடியாது. செய்ததற்குப் பொறுப்பேற்கும் வயது என்று சமூகம் வகுத்திருக்கும் முதல் நாள் அது.

அப்பாவிடம் திட்டம் தயாராக இருக்கிறது. எல்லாவற்றையும் அந்த ரஷ்யப் பையன்மேல் போடு, அவன் இழுத்துக்கொண்டு போனான் என்று சொல். கேட்பதற்கு எவரும் நம்பக்கூடிய கதை. வில்லாவில் வளர்ந்த பையன் ஒருபுறம், அடுக்குமாடிக் குடியேறி மறுபுறம். மைக் மறுக்கிறான். அப்பா கை நீட்டி அடித்தும் மறுக்கிறான். நீதிபதியின் முன் இருவரும் சேர்ந்து செய்ததைச் சேர்ந்து செய்ததாகவே சொல்கிறான். காரை ஓட்டியது, போலீஸ்காரரின் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தது, எல்லாவற்றையும்விட மைக் செய்த துணிச்சலான காரியம் இது. படம் இதற்கு வீரவசனம் வைக்கவில்லை.

விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது மைக் மேல் எல்லார் பார்வையும் விழுகிறது. டட்யானாவும் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளத் துடிக்கிறாள். ஒரு காலத்தில் இதற்காக அவன் என்னவும் செய்திருப்பான். நாவலில் சிக் காப்பகத்தில் இருக்கிறான். மைக்கின் மனம் அங்கேதான் இருக்கிறது. அம்மா குடியிலிருந்து மீளவில்லை, அப்பா வேறு வாழ்க்கையைத் தேடிக்கொண்டு போகிறார். எதுவும் சரியாகவில்லை. ஆனாலும் அவனும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் விதம் மாறியிருக்கிறது. நாவலின் முடிவில் அம்மா வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக நீச்சல் குளத்தில் எறியும் அத்தியாயம், ஜெர்மன் மொழியில் இந்த நூற்றாண்டில் எழுதப்பட்ட மிகச் சந்தோஷமான சோகம் என்று துணிந்து சொல்வேன்.

ஐரோப்பியத் திரைப்பட அகாதமி ஒவ்வொரு வருடமும் இளம் பார்வையாளர் விருது ஒன்றைத் தருகிறது. நடுவர்கள் பெரியவர்கள் அல்ல. பல நாடுகளில் ஒரே நாளில் படங்களைப் பார்த்து வாக்களிக்கும் 12 முதல் 14 வயதுப் பிள்ளைகள். 2017இல் அவர்கள் தேர்ந்தெடுத்தது ‘சிக்’. மைக்கின் வயதுக்காரர்களே கொடுத்த அந்த விருதைவிடப் பெரிய சான்றிதழ் இந்தப் படத்துக்குத் தேவையில்லை.

ஹெர்ன்டோர்ஃப் தன் கடைசிக் காலத்தில் ஈசாவை மறுபடி எடுத்தார். குப்பைமேட்டுக்கு வருவதற்கு முன் அவள் வெறுங்காலோடு நடந்து வந்த பாதையை, அவள் வாயாலேயே சொல்லும் நாவல். முடிக்க உடல் இடம்கொடுக்கவில்லை. முடிந்தவரை எழுதியதை 2014இல் நூலாக வெளியிட்டார்கள். படத்தில் ஈசா போதாமல் போனதாக நினைப்பவர்களுக்கு அது ஆறுதல்.

‘குட்பை பெர்லின்’ என்ற பெயரில் ஆங்கில சப்டைட்டிலோடு இந்தப் படம் கிடைக்கிறது. ஜெர்மனியில் 12 வயதுக்கு மேற்பட்டோர் பார்க்கலாம் என்று சான்று கொடுத்திருக்கிறார்கள். ஈசாவின் பேச்சில் ஒளிவுமறைவு கிடையாது, குடித்துத் தள்ளாடும் ஒரு தாய் இருக்கிறாள், வசைச்சொற்கள் உண்டு. அதற்காகத் தள்ளிவைக்க வேண்டாம். வீட்டில் எட்டாம் வகுப்போ ஒன்பதாம் வகுப்போ படிக்கும் பிள்ளை இருந்தால் கூட உட்கார்ந்து பாருங்கள். மைக்கின் கட்டுரைக்கு வகுப்பு சிரிக்கும் இடத்திலும், காரில் சிக் தன் ரகசியத்தைச் சொல்லும் இடத்திலும் படத்தை நிறுத்தி விளக்கம் சொல்லத் தோன்றும். நிறுத்தாதீர்கள். பேச வேண்டியதைப் பிள்ளையே பிறகு வந்து பேசும்.